எட்டாம் வகுப்பின் சமையல் நோட்டு

1. பதினொரு பேர்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டாம் வகுப்பில் பதினொரு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் முப்பத்து நான்கு பெயர். வந்த பதினொரு பேரும் பையன்கள். பெண் பிள்ளைகளின் பெஞ்சுகள் நான்கும் காலியாக இருந்தன.

ஊரில் அம்மை ஏதும் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் பெஞ்சில் இருந்தவன் எழுந்தான்.

"அம்மையெல்லாம் இல்ல டீச்சர். ஒங்க சர்பத்தக் குடிச்சா பிற்பாடு பிள்ளையே பெறக்காதாம். ஊருக்குள்ள சொல்றாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே அது நின்றுவிட்டது. வாசலில் வசந்தாவின் அம்மா ஒச்சம்மா நின்றிருந்தார். இடுப்பில் கை வைத்து, செருப்பைக் கழற்றாமல் நின்றார். அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போகிறவர். பொழுது விடிந்தால் வீட்டில் இருக்க மாட்டார்.

"எம் மகளுக்கு வெள்ளிக்கெழம என்னத்தக் குடுத்தீக டீச்சர்?"

"செம்பருத்திப் பூ, எலுமிச்சம்பழம், சீனி. வேற ஒண்ணும் இல்லம்மா."

"பூவப் போட்டா தண்ணி எதுக்கு நெறம் மாறுது? அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுலருந்து மூணு தடவ வாந்தி. நேத்து எங்க வீட்டுக்காரரத் தேடி ஜீப்பு வருது. ரெண்டும் ஒரே சோலின்னு ஊரே சொல்லுது. நீங்க என்ன சொல்றீக?"

சர்பத்தைப் பற்றிச் சொல்லத் தெரியும். ஜீப்பைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது.

2. பம்ப் ஸ்டவ்

இளம் ஆசிரியர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், போடியிலிருந்து குரங்கணி போகும் பாதையில் மலையடிவாரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். எனக்குச் சொந்த ஊர் பெரியகுளம். பள்ளிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினேன். பள்ளியில் 'லேப்' என்று ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்கு ஒரு பூட்டும் இருந்தது. திறந்து பார்த்தால் உடைந்த தெர்மாமீட்டரும், மூடி துருப்பிடித்த நான்கு பாட்டில்களும்தான். ஆசிட் என்று பாடத்தில் வரும். ஆசிட்டைக் கண்ணால் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

வீட்டிலிருந்த பம்ப் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாடப்புத்தகத்தில் இருந்ததில் பாதிக்கு மேல் சமையலறையில் இருந்தது. எலுமிச்சை அமிலம், ஆப்பச்சோடா காரம். செம்பருத்தி இதழை வெந்நீரில் போட்டால் கருஞ்சிவப்பாகச் சாறு இறங்கும். எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவக்கும். இன்னொரு டம்ளரில் ஆப்பச்சோடாவைச் சிட்டிகை போட்டால் பச்சையாகிவிடும். பச்சையைக் கீழே ஊற்றிவிட்டுச் சிவப்பில் சீனி போட்டு ஆளுக்கு ஒரு வாய் குடிப்போம். மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்து போக மாட்டார்கள்.

தயிர் உறைய வைத்தோம். ஒரே பால், ஒரே அளவு உறைமோர், இரண்டு சட்டி. ஒன்றை அடுப்போரம் வைத்தோம், மற்றதைப் பச்சைத் தண்ணீரில் உட்கார வைத்தோம். "ஒண்ண மட்டும் மாத்தணும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும். அப்பத்தான் எதுனால எது நடந்துச்சுன்னு தெரியும்" என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பிள்ளைகள் அதைப் பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்லிக் காட்டிக் கேலி செய்வார்கள்.

அவர்களுக்குத் தெரிந்த விஷயங்களும் இருந்தன. ஒருநாள் பாயசத்துக்கு ஏலக்காயை முழுதாகப் போட்டதையும் தட்டிப் போட்டதையும் மோந்து பார்க்கச் சொன்னேன். வசந்தா எழுந்து, "டீச்சர், இது வெளுத்த காய். ஸ்டோர்ல சூடு கூடிப்போச்சு" என்றாள். அவள் அப்பா மாயாண்டி மலைமேல் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தார். சூடு எவ்வளவு இருந்தால் பச்சை நிறம் நிற்கும் என்பது அவளுக்கு வீட்டுப் பேச்சு. அன்று பாடத்தை அவளையே நடத்தச் சொல்லிவிட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

3. வீட்டுப்பாடம்

எல்லாம் நன்றாகப் போகும்போது ஒரு தப்பு செய்தேன். அப்போது அது தப்பு என்று தோன்றவில்லை. நல்ல பாடம் என்றுதான் நினைத்தேன்.

ஓர் ஆழாக்கு அரிசி வெந்தால் எத்தனை ஆழாக்குச் சோறாகும்? தண்ணீர் எங்கே போகிறது? இதை வீட்டில் அளந்து பார்த்து எழுதி வரச் சொன்னேன். கூடவே உணவுச் சத்துப் பாடமும் இருந்தது. வளரும் பிள்ளைக்கு எவ்வளவு, உழைக்கிறவருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். அதற்காக, "வீட்டில் சாப்பிடுகிறவர்கள் பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை பேர் எல்லாம் எழுதுங்கள்" என்றேன்.

முப்பத்து நான்கு பேரும் எழுதி வந்தார்கள். அழகான நோட்டுகள். சிலர் அடுப்பு, சட்டி எல்லாம் படம் வரைந்திருந்தார்கள். நான் திருத்தி, தலைமையாசிரியர் அறையில் இருந்த பீரோவில் அடுக்கி வைத்தேன். வேறு இடம் இல்லை.

4. ஜீப்பு

அந்த வருஷம் எப்படிப்பட்டது என்பது இன்று பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. எமர்ஜென்சி. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடித்த காலம். ஒவ்வொரு ஆபீசுக்கும் இத்தனை 'கேஸ்' என்று டார்கெட் இருந்தது. பள்ளிக்கூடங்களையும் விடவில்லை. "ஆளுக்கு ரெண்டு கேஸாவது கொண்டாங்க" என்று தலைமையாசிரியர் எங்களிடம் சொல்லியிருந்தார். நான் காதில் வாங்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாரே என்று நான் சந்தோஷப்பட்டேன். ஏன் கேட்கவில்லை என்று யோசித்திருக்க வேண்டும்.

பள்ளி வாசலில் ஒச்சம்மா சொன்னதை இப்போது சொல்கிறேன். திங்கட்கிழமை ஜீப்பில் நாலு பேர் வந்திருக்கிறார்கள். கையில் ஒரு பேப்பர். "மாயாண்டி எங்க? ஏழு பிள்ளைக்காரரு" என்று கேட்டிருக்கிறார்கள். மாயாண்டி மலையில் இருந்தார். சனிக்கிழமை இறங்கினால் திங்கள் விடிகாலையில் ஏறிவிடுவார்.

"எங்களுக்கு ரெண்டே பிள்ள டீச்சர். வசந்தாவும் அவ தம்பியும். மத்த அஞ்சும் எங்க வீட்டுக்காரரோட அண்ணன், எங்க மச்சாண்டாரு பிள்ளைக. அவரும் செத்து, அவுக ஆத்தாளும் போயிட்டாக. எங்க ஒலையிலதான் அஞ்சுக்கும் சோறு. இந்த ஊர்ல யாரக் கேட்டாலும் மாயாண்டிக்கு ரெண்டு பிள்ளைன்னுதான் சொல்லுவாக. ஏழுன்னு சொல்ல ஆளே கெடையாது."

என் முகத்தையே பார்த்தார்.

"ஏழுன்னு ஒரே எடத்துலதான் எழுதியிருக்கு. எம் மக ஒங்களுக்கு எழுதிக் குடுத்த நோட்டுல."

வசந்தாவின் நோட்டு எனக்கு நன்றாக நினைவிருந்தது. 'பிள்ளைகள் 7' என்று எழுதி, ஏழு குட்டித் தட்டு வரைந்திருந்தாள். நான் அதற்குப் பக்கத்தில் 'நன்று' என்று போட்டிருந்தேன்.

5. யார்

நோட்டை நான் யாரிடமும் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். ஒச்சம்மா அதைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்கு ஒவ்வொருவர் மேலும் சந்தேகம். பீரோவைப் பூட்டுவதில்லை. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பள்ளியைக் கூட்டுகிற அம்மாவா? ஆறாம் வகுப்பு சார் என் ஸ்டவ் வகுப்பைக் கண்டாலே முகம் சுளிப்பார், அவரா? டீக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. பஸ் கண்டக்டர் பாக்கிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் சீட்டில் வைத்துவிட்டுப் போனார். அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டார்கள், நான் அவர்களை. யார் முகத்தைப் பார்த்தாலும் எதையோ மறைப்பது போலவே இருந்தது.

தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். "சார், எட்டாம் வகுப்பு நோட்ட யாராச்சும் எடுத்தாங்களா?"

அவர் சிரித்தார். "ஒங்க சோத்துக் கணக்கு நோட்ட எவன் டீச்சர் எடுப்பான்? லிஸ்ட்டெல்லாம் அவங்க ஆபீஸ்லயே இருக்கும். நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

அவர் எடுக்கவில்லை என்று நம்பினேன். அவர் எனக்கு நல்லதுதான் செய்திருந்தார். ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் வாங்கக்கூட உதவியிருக்கிறார்.

ஆனாலும் ஏழு என்ற எண் அந்த நோட்டில் மட்டும்தான் இருந்தது என்பதால், அன்றே ஒரு கடிதம் எழுதினேன். 'அந்த நோட்டுகளில் உள்ள எண்ணிக்கை அரிசி அளப்பதற்காகப் பிள்ளைகள் எழுதியது. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கை அது. பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை அல்ல. அதை வைத்து யாரையும் தேடக் கூடாது.' மேலதிகாரிக்கு முகவரியிட்டு, முறைப்படி தலைமையாசிரியர் வழியாக அனுப்பக் கொடுத்தேன். மறுநாள் கேட்டேன். "அனுப்பியாச்சு டீச்சர்" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் ஒச்சம்மா வீட்டுக்குப் போனேன். வசந்தா கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். வாந்தி நின்றிருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும் வழியில் மடி நிறையப் புளியங்காய் தின்றதாக அவளே சொன்னாள். அம்மா அதை நம்பியதாகத் தெரியவில்லை.

"கடுதாசி எழுதி அனுப்பியாச்சும்மா. இனி பயமில்ல. அவரை வரச் சொல்லுங்க" என்றேன்.

ஒச்சம்மா சொளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"சரி டீச்சர். வெள்ளிக்கெழம காலையில வரச் சொல்றேன். நீங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

நான் யாரிடமும் சொல்லவில்லை.

6. வெள்ளியும் ஞாயிறும்

அடுத்த திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஒச்சம்மா என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வெள்ளிக்கெழம ஜீப்பு வரல" என்றார்.

"நல்லதுதானே. அவர் வந்தாரா?"

"அவரு எங்க வந்தாரு? மலையிலதான் இருக்காரு. ஞாயித்துக்கெழம விடியுமுன்ன ஜீப்பு வந்துருச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார். என்னிடம் வெள்ளி என்று சொன்ன மறுநாள், வசந்தாவுக்கு டி.சி. வாங்குவதுபோலத் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்திருக்கிறார். "எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கெழம விடியக்காலம் வர்றாரு. அவர்ட்டக் கேட்டுட்டு வாங்கிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். வேறு யாரிடமும் எந்த நாளும் சொல்லவில்லை. இரண்டு நாளும் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு தன் வீட்டு வாசலைப் பார்த்திருக்கிறார்.

"ஒங்களுக்கு ஒரு நாளு, அவருக்கு ஒரு நாளு. மத்ததெல்லாம் அப்படியே. வசந்தாதான் சொன்னா, தயிருச் சட்டிக்கு நீங்க அப்படித்தான் செஞ்சீகளாம்ல."

முதலில் வந்தது கோபம். "அப்ப என்னையும் சந்தேகப்பட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமா டீச்சர்" என்றார் ஒச்சம்மா. "எங்களுக்கு ஒரு உசுரு மலையில கெடக்கு. ஒங்க மூஞ்சியப் பாத்து நல்லவுகன்னு எப்படி முடிவு பண்ண? தப்பா நெனைக்காதீக. நெனச்சாலும் பரவால்ல."

கோபம் போய் வெட்கம் வந்தது. என் பேச்சை நம்பி மாயாண்டி இறங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடிதம் போனது என்று நானே சொன்னேன். போனதா என்று நான் பார்க்கவில்லை. வகுப்பில் எதையும் சோதிக்காமல் நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தவள் நான். சோதித்துப் பார்த்தது எழுதப் படிக்கத் தெரியாத ஒச்சம்மா.

7. மேஜை டிராயர்

மறுநாள் காலை, பிள்ளைகள் வருமுன் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். பீரோவைத் திறந்து முப்பத்து நான்கு நோட்டையும் எடுத்தேன். "என் லெட்டர் எங்க சார்?" என்றேன்.

அவர் மறைக்கவில்லை. டிராயரைத் திறந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

"ஒங்களுக்குப் புரியாது டீச்சர். எனக்கு ஆறு கேஸ் போட்டிருக்காங்க. இல்லேன்னா சஸ்பெண்டுன்னு மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் எழுந்து நிக்க வச்சுச் சொன்னாங்க. எனக்கும் பொம்பளப் பிள்ளைக மூணு இருக்கு. ஏழு பிள்ளைக்காரன்தானே, அவனுக்கும் நல்லதுதானேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"அவருக்கு ரெண்டு பிள்ளை சார்."

"நோட்டுல ஏழுன்னு இருந்துச்சே" என்றார்.

நோட்டில் அப்படித்தான் இருந்தது. எழுதச் சொன்னது நான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். அந்த மேலதிகாரியின் ஆபீசில் தபால் வாங்குகிறவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. திரும்பி வந்ததும் நோட்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பெற்றவர்கள் கையில் கொடுத்தேன். "இதுல ஒங்க வீட்டு விவரம் இருக்கு. இதிலருந்துதான் லிஸ்ட் போச்சு. என் தப்பு" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். சில வீட்டில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் என் முன்னாலேயே அடுப்பில் வைத்தார்கள். ஒச்சம்மா வாங்கி, வசந்தாவிடம் கொடுத்து, "அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சிரு. மத்தது படிப்புக்கு ஆகும்" என்றார்.

அதன் பிறகு அவர் ஒரு நிபந்தனை போட்டார். "பிள்ளைகள அனுப்புறோம். ஆனா ஸ்டவ் பத்த வைக்கிற அன்னைக்கு நாங்க நாலு பேரு வந்து உக்காருவோம். மொதல்ல நாங்க குடிப்போம்."

வந்தார்கள். கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சையை ஒச்சம்மாவே பிழிந்தார். நிறம் மாறியதும் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மோந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"புளிக்குது. சீனி பத்தல" என்றார்.

அடுத்த வாரம் பெண் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்தார்கள். மாதக் கடைசியில் வகுப்பு நிறைந்தது. நான் அதைக் கொஞ்ச நாள்தான் பார்த்தேன். என்னைத் தேவாரம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றி ஆர்டர் வந்தது. காரணம் எழுதவில்லை. தலைமையாசிரியர் அங்கேயே இருந்தார்.

கடிதம் கொடுத்த பிறகும் ஜீப்பு இரண்டு முறை வந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். மாயாண்டி அப்போதும் வீட்டில் இல்லை. மறு வருஷம் தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய பிறகுதான் ஒச்சம்மா அவரைக் கீழே இறங்கவிட்டார். அத்தனை மாதமும் வாரம் ஒருமுறை ஒச்சம்மாதான் சோற்று மூட்டையோடு மலை ஏறிப் போயிருக்கிறார்.

8. கற்றுக்கொண்டது

தேவாரம் பக்கத்தில் எண்பதுகள் முழுக்க ஸ்டவ் வகுப்பு நடத்தினேன். தயிர், புட்டு, கல்கண்டு, சர்பத் எல்லாம் உண்டு. ஆனால் சில விஷயங்களை மாற்றிக்கொண்டேன். அளவு எழுதச் சொல்வேன், ஆள் பெயர் எழுதச் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளையை எதையாவது எழுதச் சொல்லும் முன், இதை என்னைத் தவிர வேறு யார் படிக்கக்கூடும் என்று யோசிப்பேன். பிள்ளைகள் எதைச் சாப்பிட்டாலும் முதல் வாய் யாராவது ஒரு தாயோ தகப்பனோதான். சந்தேகத்தோடு வாசலில் வந்து நிற்கிற பெற்றோரைப் பார்த்து எரிச்சல்படுகிற புது ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாதாடாதீர்கள், உள்ளே கூப்பிட்டுக் கரண்டியைக் கையில் கொடுங்கள். அவர்கள் சோதித்துப் பார்க்கட்டும். உங்களையும் சேர்த்து.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், சுத்தமான சட்டை போட்ட ஓர் இளைஞர் பள்ளிக்கு வந்தார். குழந்தைகள் நலத்துக்காக ஒரு கணக்கெடுப்பு என்றார். அப்பா என்ன வேலை, எத்தனை பேர், எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்கித் தர முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"பெரியவங்க விவரத்தப் பிள்ளைகள்ட்ட கேக்க வேணாம் தம்பி. வீட்டு வாசல்ல போய் நின்னு அவங்களையே கேளுங்க. சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம்" என்றேன்.

அவர் முகம் வாடிப்போனது. நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க என்னிடம் வழி இருக்கவில்லை. அதனால் கொடுக்கவில்லை.